கையில் சாவி, மார்பில் கருவி

சிங்கப்பெருமாள் கோவில் என்ற எங்கள் ஊரில் 1970-களில் ஒருவர் மயங்கி விழுந்தால், அடுத்து என்ன செய்வது என்பது தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். முதலில் ஓடி வருபவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார். இன்னொருவர் தோள்துண்டால் விசிறுவார். யாராவது ஒரு பையன் கடைக்கு ஓடிக் கோலி சோடா வாங்கி வருவான். விழுந்தவரைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்கார வைப்பார்கள். கை கால் ஒரு வெட்டு வெட்டி இழுத்துவிட்டால் அது வலிப்புதான் என்று முடிவாகிவிடும். உள்ளங்கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். சற்று நேரத்தில் அவர் கண் திறப்பார். சாவியால்தான் தெளிந்தது என்று சுற்றி நின்ற அத்தனை பேரும் நம்பினார்கள்.

என் பெரியப்பாவின் கையில் அந்தச் சாவிக்கொத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கோவிலுக்கு எதிரே துளசி மாலையும் பூச்சரமும் கட்டி விற்றவர் அவர். கட்டிக்கொண்டிருக்கும்போதே நார் விரலிலிருந்து நழுவும். 'ஏங்க, மூஞ்சி வெளுக்குதுங்க' என்று பெரியம்மா சொல்லி முடிப்பதற்குள் சரிந்துவிடுவார். ஒன்றை நான் சிறுவனாக இருந்தபோதே கவனித்திருக்கிறேன்: விழும்போது வெளிறிப்போகும் முகம், தெளியும்போது குப்பென்று ரத்தம் ஏறிச் சிவந்து சூடாகும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நாரைத் தேடுவார். நாவைக் கடித்ததில்லை, மணிக்கணக்கில் அயர்ந்து தூங்கியதுமில்லை. வலிப்பு நோயின் போக்கு அப்படி இருக்காது என்பதைச் சொல்ல அப்போது எங்கள் தெருவில் ஆளில்லை. வைத்தியர் பித்தம் என்றார். வேறொரு டாக்டர் வலிப்பு மாத்திரை கொடுத்தார். பெரியம்மா சன்னதிக்கு அழைத்துப் போவார். பாடலாத்ரி நரசிம்மருக்கு அர்ச்சகர் ஆரத்தி காட்டும்போது, நெற்றி நாமத்தை விலக்கி மூன்றாவது கண்ணைத் தரிசனம் செய்து வைப்பார். அந்த ஒரு நொடியை நம்பித்தான் பெரியம்மா அந்த ஆண்டுகளைக் கடத்தினார். ஒரு நாள் விடியற்காலை, கிணற்றடியில் விழுந்த பெரியப்பா எழுந்திருக்கவில்லை. சாவி அப்போதும் கையில் இருந்தது.

இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு இறங்கும் மின்தூண்டல் வழியில் அறுபட்டுப் போவதுதான் பெரியப்பாவுக்கு இருந்த நோய். கீழறைகள் தாமாக நிமிடத்துக்கு முப்பது, நாற்பது முறை துடித்துச் சமாளிக்கும். நடுவில் பத்து நொடி அதுவும் நின்றுபோனால் மூளைக்கு ரத்தம் இல்லாமல் ஆள் விழுவார். இன்னும் சில நொடி நீடித்தால் கை கால் வெட்டும். துடிப்பு தானாகத் திரும்பினால் தெளிவார், திரும்பாவிட்டால் இல்லை. டப்ளின் நகரத்து மருத்துவர்களான ராபர்ட் ஆடம்ஸ் 1827-லும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1846-லும் இதை எழுதிவைத்துவிட்டார்கள். இதயத்தைத் தூண்டித் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவி வருமுன், இப்படி மயங்கி விழத் தொடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஓராண்டைத் தாண்டவில்லை.

பெரியப்பா விழுந்துகொண்டிருந்த காலத்தில் இதற்கு விடை உலகில் இல்லாமல் இல்லை. 1957 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் வட்டாரத்தில் மின்சாரம் தடைப்பட்டது. சுவரில் செருகிய பேஸ்மேக்கரை நம்பியிருந்த குழந்தைகளின் உயிர் கேள்விக்குறியானது. வால்டன் லில்லிஹை என்ற அறுவை மருத்துவர் கேட்டுக்கொண்டதால், ஏர்ல் பாக்கன் என்ற பொறியாளர் சில வாரங்களில் பேட்டரியில் ஓடும் சிறு பெட்டியைச் செய்து கொடுத்தார். மறு ஆண்டு, 1958 அக்டோபர் 8 அன்று, ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்ற 43 வயதுக்காரரின் உடலுக்குள்ளேயே கருவி வைக்கப்பட்டது. ஒரு நாளைக்கு இருபது, முப்பது முறை மயங்கிக்கொண்டிருந்தவர் அவர். அவர் மனைவி எல்ஸ் மாரி, அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்டையும் விடாமல் துரத்தி இதைச் செய்ய வைத்தார். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்துப் பிசினில் வார்த்த வில்லை அது. குறுக்களவு 55 மில்லிமீட்டர், கனம் 16. முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. உடனே மாற்றினார்கள். பிறகும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சுமந்த லார்சன், தனக்கு அதைச் செய்த பொறியாளரும் வைத்த மருத்துவரும் காலமான பிறகும் வாழ்ந்து, 2001 டிசம்பரில் 86 வயதில் இறந்தார். புற்றுநோய் காரணம், இதயம் அன்று.

ஒரு மனைவி ஸ்டாக்ஹோமில் எந்தக் கதவைத் தட்டுவது என்று அறிந்திருந்தார். என் பெரியம்மா அறிந்திருக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். எங்கள் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர் அளவில் இருக்கும் செங்கல்பட்டில் 1965-லேயே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இதயத்துக்கென்று பெரிய வைத்தியம் வேண்டுமானால் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரி, பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி, வேலூர் சி.எம்.சி. என்று போக வேண்டியிருந்தது. பாசஞ்சர் வண்டி ஏறி, தாம்பரத்தில் மின்சார ரயில் மாறி, நாள் முழுதும் வரிசையில் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் அவை. ஆனால் நோயைக் கண்டுபிடிக்க அவ்வளவு தூரம்கூடப் போயிருக்க வேண்டாம். யாராவது ஒருவர் பெரியப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ணியிருந்தால் போதும். முப்பத்தைந்தோ நாற்பதோ என்று எண்ணிக்கை நின்றிருக்கும். அதன் பிறகு எங்கே போவது என்ற கேள்வியாவது பிறந்திருக்கும்.

அவருடைய மூத்த மகன், எனக்கு அண்ணன், அறுபது வயதைத் தாண்டியபின் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையப் படிக்கட்டில் கண் இருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கூட வந்த கல்லூரி மாணவர் 108-ஐ அழைத்தார். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்த ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்த சில நிமிடங்களில் 'ஹார்ட் பிளாக்' என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய அப்பாவுக்கு ஆண்டுக்கணக்கில் கிடைக்காத பெயர். அன்றிரவே தற்காலிகக் கம்பி. மறுநாள், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, இடது காறை எலும்புக்குக் கீழே இரண்டு அங்குலம் கீறி, ரத்தக்குழாய் வழியாக ஒயரை இறக்கி நிரந்தரக் கருவியை வைத்தார்கள். வைத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தாராம். மூன்றாம் நாள் வீடு. இடது கையைத் தோளுக்கு மேலே சில வாரம் தூக்காதீர்கள் என்பதுதான் பெரிய கட்டுப்பாடு.

முதல் தலைமுறைக் கருவிகளுக்கு நெஞ்சைத் திறக்க வேண்டியிருந்தது. பாதரச பேட்டரி இரண்டாண்டு ஓடினால் பெரிது. 1970-களில் லித்தியம் பேட்டரி வந்து அந்தக் கணக்கை மாற்றியது. இன்றைய கருவி பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு ஆண்டு ஓடுகிறது. எடை முப்பது கிராமுக்குள். ஒயரே இல்லாமல் இதயத்துக்குள் போய் உட்காரும் இரண்டு கிராம் கருவிக்கு 2016-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. எம்.ஆர்.ஐ. பக்கமே போகக்கூடாது என்ற பழைய தடையும் புதிய கருவிகளுக்குத் தளர்ந்திருக்கிறது. செலவுக்கும் வழி வந்தது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். பட்டியலில் பேஸ்மேக்கரும் உண்டு. பூக்கட்டும் ஒருவர் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய மாற்றம் என் வாழ்நாளில் வேறில்லை என்றே சொல்வேன்.

ஊரும் மாறிவிட்டது. அன்று கோவிலும் வயலுமாக இருந்த ஊர். இன்று வடக்கே மறைமலை நகர்த் தொழிற்சாலைகள், தெற்கே 2000-களில் எழுந்த மகிந்திரா வேர்ல்டு சிட்டி, மேற்கே ஒரகடம். ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓயாத நேரமே இல்லை. காட்டாங்கொளத்தூரில் மருத்துவக் கல்லூரி, செங்கல்பட்டில் அரசு மருத்துவமனை, தாம்பரம் வரை வழிநெடுக ஸ்கேன் சென்டர். இவையெல்லாம் வந்த இடத்தில் ஒன்று குறைந்திருக்கிறது. மகன் ஒரகடத்தில் ஷிப்ட்டுக்குப் போகிறான், மருமகள் வேர்ல்டு சிட்டிக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளி வேனில். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை தெருவில் சாத்திய கதவுகள். தண்ணீர் தெளிக்கவும் விசிறவும் சோடாவுக்கு ஓடவும் அன்று நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் செய்த வைத்தியம் தவறாக இருந்திருக்கலாம், ஆனால் விழுந்தவர் தரையில் தனியாகக் கிடந்ததில்லை.

கருவி வைத்தபின் இரண்டு ஆண்டு அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை. அப்புறம் தலை சுற்ற ஆரம்பித்தது. காலையில் கட்டிலிலிருந்து எழுந்தால் கிர்ரென்று வரும். சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தவர் ஒருமுறை குளியலறை வாசலில் விழுந்தார். அப்பாவுக்கு வந்தது திரும்ப வந்துவிட்டது என்ற பயம் வீடு முழுக்கப் பரவியது. செக்கப்புக்குப் போனோம். மார்பின் மேல் ஒரு வட்டத் தகட்டை வைத்து, கணினித் திரையைப் பார்த்து, பேட்டரி இருக்கிறது, ஒயர் சரி, துடிப்புகள் சரியாகப் பதிவாகின்றன என்றார்கள். 'மெஷின் நல்லா இருக்கு, ஒண்ணும் பயமில்ல, போய்ட்டு வாங்க.'

அண்ணன் வெளியே வந்து கேட்டது இன்றும் காதில் நிற்கிறது: 'மெஷின் நல்லா இருக்கு தம்பி. எனக்கு ஏன் சுத்துது?'

அந்தக் கேள்விக்குத்தான் இன்றைய வைத்தியத்தில் ஆள் குறைவு. அன்று நோய்க்குப் பெயர் தெரியவில்லை, நோயாளியைச் சுற்றி ஆள் இருந்தார்கள். இன்று கருவிக்குள் நடந்த ஒவ்வொரு துடிப்பும் பதிவாகிறது, கருவியைச் சுமப்பவர் எப்போது, எந்த நிலையில், என்ன செய்யும்போது தடுமாறினார் என்று கேட்க நேரம் இல்லை. பேஸ்மேக்கர் செய்வது ஒரே வேலை. இதயத்துடிப்பு நிர்ணயித்த எண்ணிக்கைக்குக் கீழே போனால் தூண்டிவிடும். ரத்த அழுத்தம் சரிந்தால் அதற்கு ஒன்றும் செய்யத் தெரியாது. உடலில் நீர் வற்றினால், சர்க்கரை இறங்கினால், உள்காதில் கோளாறு வந்தால், கருவி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே ஆளுக்குத் தலை சுற்றும்.

பயத்தாலோ வலியாலோ வெயிலில் நெடுநேரம் நிற்பதாலோ வரும் சாதாரண மயக்கத்துக்கும் பேஸ்மேக்கர் வைக்கலாமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 1999-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு, பெரும் பலன் இருப்பதாகச் சொன்னது. அதில் கருவி வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் ஒப்பிட்டிருந்தார்கள். 2003-இல் இன்னும் கறாராகச் செய்தார்கள். பங்கேற்ற நூறு பேருக்கும் கருவியை வைத்து, பாதிப் பேருக்கு மட்டும் இயக்கிவிட்டார்கள். யாருக்கு இயங்குகிறது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் மறுபடி மயங்கும் வாய்ப்பு, கருவி இயங்காதவர்களில் 40 சதவீதம், கருவி இயங்கியவர்களில் 31. உறுதியாகப் பலன் என்று சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் இல்லை. அந்த வகை மயக்கத்தில் துடிப்பு மட்டும் குறைவதில்லை, ரத்தக்குழாய்களும் தளர்ந்து விரிகின்றன. விரிந்த குழாயைக் கருவியால் இறுக்க முடியாது.

அண்ணனின் கேள்விக்குப் பதில் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பி.பி. பார்க்கும் ஒரு பெண், வழக்கம்போல் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, 142 என்று எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற அண்ணி, 'உக்காந்தா நல்லாத்தாம்மா இருக்கார், எழுந்து நின்னாதான் சுத்துது' என்றார். அந்தப் பெண் பையில் போட்ட கருவியைத் திரும்ப எடுத்தார். 'பெரியவரே, கொஞ்சம் எழுந்து நில்லுங்க. சுவரைப் பிடிச்சுக்கோங்க.' இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி பார்த்தார். 108. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் இருபது குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. இவருக்கு முப்பத்துநான்கு குறைந்திருந்தது. சீட்டில் இரண்டு எண்களையும் எழுதி, 'இத டாக்டர்கிட்ட காட்டுங்க' என்று சொல்லிப் போனார்.

சீட்டைப் பார்த்த டாக்டர் மாத்திரைகளை எல்லாம் மேசையில் கொட்டச் சொன்னார். பி.பி.க்கு ஒருவர் கொடுத்தது, கால் வீக்கத்துக்கு இன்னொருவர் கொடுத்த நீர் மாத்திரை, புராஸ்டேட்டுக்கு மூன்றாமவர் கொடுத்தது. மூன்றுமே எழுந்து நிற்கும்போது அழுத்தத்தைச் சரியவிடக்கூடியவை. தனித்தனியே ஒவ்வொன்றும் சரியான வைத்தியம். மூன்றையும் ஒரே உடம்பு விழுங்குகிறது என்பதை ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒன்றை நிறுத்தி, ஒன்றின் அளவைக் குறைத்து, ஒன்றை ராத்திரிக்கு மாற்றினார். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு நிமிடம் கால்களைத் தொங்கவிட்டு ஆட்டிய பிறகே நிற்கச் சொன்னார். எழுமுன் இரண்டு டம்ளர் தண்ணீர். இரவில் சிறுநீரை உட்கார்ந்தே கழிக்க வேண்டும். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே நடக்கக்கூடாது. கத்திரி வெயிலில் பதினோரு மணிக்கு மேல் வெளியே வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மட்டும் இதயம் பலவீனமானவர்கள் டாக்டரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

சுற்றல் வரும்போதே செய்யக்கூடியது ஒன்றை அண்ணன் நன்றாகக் கற்றுக்கொண்டார். கண் இருட்டும் அறிகுறி தெரிந்ததும் கால்களைப் பின்னிக்கொண்டு தொடைகளை இறுக்கி, இரு கை விரல்களையும் கோத்து எதிரெதிரே இழுப்பார். காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏறும். அதற்கும் கேட்காவிட்டால் எந்த இடம் என்று பார்க்காமல் படுத்துவிடுவார். ரேஷன் கடை வரிசையில் ஒருமுறை அப்படிப் படுத்ததும், நின்றிருந்தவர்கள் பதறிப்போய்த் தூக்கி உட்கார வைக்கப் பார்த்திருக்கிறார்கள். 'தூக்காதீங்க, காலை மட்டும் ஒசத்திப் பிடிங்க' என்றாராம். ஐம்பது ஆண்டாகியும் நம் கைகள் மயங்கியவரைச் சுவரில் சாய்க்கவே ஓடுகின்றன. அவருக்குத் தேவை மல்லாந்த நிலையும் உயர்த்திய கால்களும்தான். முழு நினைவு வருமுன் வாயில் சோடாவோ காப்பியோ ஊற்றினால் மூச்சுக்குழாயில் போகும் ஆபத்து உண்டு.

கருவியே காரணமாவதும் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஒயர் இடம் பெயரலாம், நாளாவட்டத்தில் உள்ளே முறியலாம். பேட்டரி தீரும் தறுவாயில் இருக்கலாம். வைத்த இடம் வீங்கிச் சிவந்தால், விடாத விக்கல் வந்தால், கருவி வைப்பதற்கு முன் விழுந்த மாதிரியே முன்னறிவிப்பில்லாமல் நினைவு தப்பினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரும்பாலோருக்குக் கீழ் எல்லையை நிமிடத்துக்கு அறுபது என்று வைத்திருப்பார்கள், சிலருக்கு வேறாக இருக்கலாம். அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் வீட்டிலேயே நாடியை எண்ணிப் பார்க்கலாம். அண்ணியின் விரல்கள் இப்போது அதைச் செய்கின்றன. சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்தபடி உதட்டை அசைத்து எண்ணுவார். மாமியார் கையில் சாவி இருந்தது, மருமகள் கையில் இந்தக் கணக்கு இருக்கிறது.

மற்ற எச்சரிக்கைகள் பழகிவிட்டால் சுமையில்லை. செல்போன் சட்டைப்பையில் வேண்டாம், ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி விலகி நிற்க வேண்டும். மறைமலை நகர்ப் பட்டறைகளில் வெல்டிங் செய்கிறவர்கள் வேலைக்குத் திரும்புமுன் டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும். கருவியின் விவர அட்டை எப்போதும் கூடவே இருக்க வேண்டும்.

பிரதோஷத்தன்று அண்ணன் கிரிவலம் போகிறார். மூலவர் குன்றிலேயே குடையப்பட்டவர் என்பதால், அவரை வலம் வர வேண்டுமானால் குன்றையே சுற்றியாக வேண்டும். சின்னக் குன்றுதான். வெயில் தாழ்ந்தபின், தண்ணீர் பாட்டிலோடு, நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, பேரனைக் கூட்டிக்கொண்டு சுற்றி வருகிறார். தலைசுற்றல் அடியோடு போய்விடவில்லை. மாதத்தில் ஒருநாள் இருநாள் எட்டிப்பார்க்கிறது. ஆனால் அது எதனால் வருகிறது என்று தெரிந்திருப்பதால் வீடு பயப்படுவதில்லை. அவருடைய அப்பா இறந்த வயதைத் தாண்டிப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகிவிட்டது.

உங்கள் வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்து, அவருக்குத் தலை சுற்றுகிறது என்றால், 'மெஷின் நல்லா இருக்கு' என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். எப்போது சுற்றியது, அதற்குமுன் என்ன செய்துகொண்டிருந்தார், எந்த மாத்திரை சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்றபின் ஒருமுறை என்று இரண்டு தடவை பி.பி. பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் முடியும், செலவும் கிடையாது.